ஒவ்வொரு வரியும் படிப்பேன்

முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் அடித்துச் சொல்லிவிடுவேன்: நீங்கள் எழுதும் கம்ப்யூட்டர் கோடில் ஒவ்வொரு வரியையும் நான் படிப்பேன், என்னை ஏமாற்ற முடியாது. எட்டு வருடம் ஒரு கேம் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு வாத்தியாராக வந்தவன் நான். வேதாசலம் சாரிடம் பாச்சா பலிக்காது என்று பையன்கள் பேசிக்கொள்வது காதில் விழுந்தால், ஹப்சிகுடாவில் வீட்டுக்குள் நுழையும்வரை அந்தச் சந்தோஷம் கூடவே வரும்.

பாடம் இதுதான். நான்கு பேர் ஒரு குழு; ஒரு செமஸ்டருக்குள் ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்து முடிக்க வேண்டும். குழு வேலை என்றால் ஒருவர் மாடாக உழைப்பார், மற்றவர்கள் ஓசியில் மார்க் வாங்குவார்கள். அதற்கு நான் வைத்திருந்த மருந்து ஒரு பதிவு. யாருடைய லேப்டாப்பிலிருந்து கோடை ஏற்றினாலும் அவர் பெயரும் தேதியும் அதில் தானாக விழுந்துவிடும். கடைசியில் பெயர்களை எண்ணி மார்க் போட்டுவிடலாம். அறுபது பேர், பதினைந்து கேம், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வரிகள். யார் படிப்பது? நான் எண்ணினேன்.

போன மே மாதம் உமேஷ் குழுவின் கேம்தான் எல்லாவற்றிலும் உசத்தி. விடிகாலைப் பனியில் கம்பெனி பஸ் ஓட்ட வேண்டும். சங்கு ஊதுவதற்குள் ஸ்டாப் ஸ்டாப்பாக நின்று தொழிலாளர்களை ஏற்றி ராமச்சந்திராபுரம் ஃபாக்டரி வாசலில் இறக்க வேண்டும். காத்திருப்பவர்களில் ஒருவர் போல இன்னொருவர் இல்லை. ஒருவர் டிபன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டே நிற்பார். இன்னொருவர் தினமும் ஓடி வந்துதான் ஏறுவார். இரண்டு மணி நேரம் விளையாடினேன். பதிவில் உமேஷ் பெயர் இருநூற்றுப் பதினோரு தடவை இருந்தது. அதே குழுவிலிருந்த ஹம்ஸினி பெயர் நான்கே தடவை. அவளுக்கு ஃபெயில் போட்டேன்.

அவள் அப்பா சிவஞானம் அந்த ஃபாக்டரியில்தான் வேலை பார்க்கிறார், அந்த பஸ்ஸில்தான் போகிறார். உமேஷ் விஜயவாடாவிலிருந்து வந்த ஹாஸ்டல் பையன். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

ரிசல்ட் வந்த மறுநாள் அவள் என் அறைக்கு வந்தாள். இந்தத் தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். நான் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழிலேயே தடுமாறிப் பேசினாள். வேலை கிடைத்திருப்பதாகவும், ஜூனுக்குள் எல்லாப் பாடமும் பாஸாகியிருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். மார்ச்சிலேயே அவள் லேப்டாப் கெட்டுப்போய், உமேஷின் லேப்டாப்பில்தான் எல்லாம் செய்தாளாம். உமேஷைக் கூப்பிட்டுக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஐடியா கொடுப்பாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சங்கோஜப்படுகிறான் என்று நினைத்தேன்.

அவன் போன பிறகு அவள் கேட்டாள்.

"கோடைப் படிச்சீங்களா சார்?"

"படிச்சேன்."

"முழுசா?"

"ஒவ்வொரு வரியும்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொய் எடுபடவில்லை என்றதும் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அதை எழுதவே கை கூசுகிறது.

அவளுக்கு வேலை போயிற்று. உமேஷ் அந்த கேமைக் காட்டி பெங்களூருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். ஆகஸ்டில் புது வகுப்பு தொடங்கியது. ஃபெயிலானவர்கள் ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி படிக்க வேண்டும். ஹம்ஸினி கடைசி பெஞ்சில் இருந்தாள். வழக்கமான மிரட்டலை முடித்துவிட்டு, நல்ல கோடுக்கு உதாரணம் காட்ட உமேஷின் கேமைப் பெரிய திரையில் திறந்தேன். அவளும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டுமே என்ற நினைப்பும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களை உருவாக்கும் ஃபைல் அது. கீழே தள்ளிக்கொண்டே போனேன். நடுவில் சில குறிப்பு வரிகள், கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற வகை. எழுத்து ஆங்கிலம், பாஷை வேறு. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிட்டு, இது என்ன பாஷை சார் என்று சிரித்தான்.

தமிழ். தமிழ் எழுத்து எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் தமிழ்.

"சார், என் லேப்டாப் போச்சு. இவனோடதுல பண்றேன். தெரிஞ்சா கோவிச்சுப்பான், அதான் தமிழ்ல எழுதறேன். இந்த ஃபைல் முழுக்க என்னுது. டிபன் டப்பா வச்சிட்டு நிக்கறது எங்கப்பா. ஒவ்வொரு வரியும் படிப்பேன்னு சொன்னீங்களே, அதனால எனக்கு பயமில்ல."

அந்த அறையில் இதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் இரண்டே பேர். இதைப் படித்த பிறகும் நான் ஃபெயில் போட்டேன் என்றுதான் மூன்று மாதமாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் படிக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இந்தப் பக்கத்தைக் காட்டியிருப்பாள். மார்க்கைத் திருத்த எனக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்திருக்கும்.

முன்வரிசைப் பையன் பின்னால் திரும்பி, "அக்கா, உங்களுக்குத் தமிழ் தெரியும்ல, என்ன எழுதியிருக்கு?" என்று தெலுங்கில் கேட்டான்.

ஹம்ஸினி திரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள்.

"சாரைக் கேளு," என்றாள். "அவர் அப்பவே படிச்சிட்டார்."

வகுப்பு என் பக்கம் திரும்பியது. நான் அடுத்த ஃபைலைத் திறந்தேன்.