ஒரு கரண்டி உறைமோர்

லீவுக்கு ஊர் வந்திருந்த பொன்செல்விக்கு, குற்றாலம் ஐந்தருவிக்குப் போகிற வழியிலேயே அதீபாவின் போன் வந்தது.

"அக்கா, நாளைக்கு மருந்து கம்பெனிக்காரங்கட்ட சார் நம்ம ஜீனைத்தான் அறிவிக்கப் போறாரு!"

பொன்செல்வி சிரித்தாள். தென்காசிக்காரி அவளும் கடையநல்லூர்க்காரி அதீபாவும் சாருடைய பெங்களூரு ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் பாடுபட்ட வேலை அது. ரத்தப் புற்றுநோய் செல்கள் ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு ஜீனை மட்டும் வெட்டி, எல்லாவற்றையும் ஒன்றாக வளர்ப்பார்கள். எந்த ஜீனை வெட்டிய செல்கள் கடைசியில் காணாமல் போகின்றனவோ, அந்த ஜீன் இல்லாமல் புற்றுநோயால் பிழைக்க முடியாது. மருந்து அதைக் குறி வைக்கலாம்.

"நீங்க காய்ச்சல்ல கிடந்த வாரம் நான் தனியா சமாளிச்சதையும் சார்ட்ட சொல்லுங்கக்கா. இன்குபேட்டர்ல இடமே இல்ல. கொஞ்சூண்டு செல் மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கொட்டிட்டேன். நாலு நாள்ல நெறஞ்சு நிக்கி! உறைமோர் மாதிரி ஒரு கரண்டி போதும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னது பொன்செல்விதான். ஆனால், சாதாரண செல் வளர்ப்புக்குச் சொன்னது. இதுவோ ஆயிரக்கணக்கான விதமாக வெட்டிய செல்கள் கலந்த கூட்டம். கரண்டியில் வராதவை செத்தவை அல்ல, கொட்டப்பட்டவை. அவர்களுடைய ஜீனை வெட்டிய செல்களும் அப்படித்தான் காணாமல் போயிருந்தால்?

"யார்ட்டயும் பேசாத. நான் யோசிக்கேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த மாதம் அவள் ஒப்பந்தம் முடிகிறது. இந்த ஜீனை நம்பித்தான் நீட்டிப்பதாகச் சார் சொல்லியிருந்தார்.

குளிக்க மனமில்லை. அம்மா ஜாய் பெண்கள் பக்கமும் தம்பி பென்னி ஆண்கள் பக்கமும் போக, அவள் துணிப்பையோடு ஓரமாக நின்றாள். திடீரென்று அபாயச் சங்கு ஊதியது. தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. போலீஸ் விசிலுக்கு எல்லோரும் ஓடி வந்தார்கள். பென்னி வரவில்லை.

"ஏட்டி, அவன எங்க? அங்கன ஒருத்தனும் இல்லையே! வெள்ளம் அடிச்சிட்டுப் போயிட்டே, கர்த்தாவே!" அம்மா ஈரத்தோடு அலறினாள்.

பொன்செல்வி போலீஸ்காரரிடம் ஓடினாள். "எல்லாரையும் வெளியேத்தியாச்சும்மா" என்றார் அவர். தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுரையையே வெறித்தாள்.

"என்னம்மா ஒப்பாரி?"

பின்னால் பென்னி. தலையில் துண்டு, கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம். "சங்கு ஊதுறதுக்கு முந்தியே பசிக்குன்னு கடைக்குப் போயிட்டேன்."

"ஏலே, செத்துட்டியோன்னுல்லா நெனச்சேன்!" அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆளக் காணும்னா செத்துட்டேன்னு முடிவு கட்டிருவியா? தேடிப் பாக்க வேண்டாமா?"

பொன்செல்வி போனை எடுத்தாள்.

"சார், நாளைக்கு அந்த ஜீனைச் சொல்லாதீங்க." எல்லாவற்றையும் சொன்னாள்.

"விளையாடுறியா? யார் தப்பு இது?"

"அதீபாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் சார். அவ கொட்டுறதுக்கு முந்தி ஃப்ரீசர்ல உறைய வச்ச செல் இருக்கு. மறுபடி வளத்துப் பாத்தாத்தான் உண்மை தெரியும்."

"நேர்ல வா. உன் வேலையைப் பத்தியும் பேசணும்." போன் துண்டித்தது.

பென்னி பஜ்ஜியை நீட்டினான். "என்னக்கா, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு?"

"பெங்களூரு பஸ்ல இன்னைக்கு இடம் இருக்கான்னு பாருல" என்றாள். பஜ்ஜி அவள் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.