கழுத்தில் தொங்கிய கத்தரி

கத்தரி என்னவோ விரல் நீளம்தான். அதைக் கறுப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரர் மிஷின்ல வந்து உக்காந்த அன்னைக்கு எனக்கு வந்த வயித்தெரிச்சல் இருக்கே, சொல்லி மாளாது. பொறாமைதான், மூடி மறைக்க என்ன இருக்கு? யார் மேலன்னு கேட்டா, பல் டாக்டரம்மா மேல.

எங்களுக்குத் தையல் கடை. அவர் மிஷின்ல தைப்பார், நான் பக்கத்துல ஸ்டூல் போட்டுக் காஜாவும் பட்டனும் பார்ப்பேன். நூலைப் பல்லால கடிக்காதீங்க, பல்லு போயிடும்னு கல்யாணமான புதுசுலேருந்து தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுவார். முன்பல் தேஞ்சுது, விரிசல் விட்டுது, அப்புறம் ஒண்ணு பின்னால ஒண்ணா மூணு போச்சு. கடைசியா போன பல்லோட வேர் மட்டும் ஈறுக்குள்ளேயே தங்கிடுச்சு.

பல்லு போனதுக்கப்புறம், தைச்சு முடிச்சதும் துணியை நூலோட என் பக்கம் நீட்டுவார். தலையைத் திருப்ப மாட்டார், ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் குனிஞ்சு நறுக்குன்னு கடிச்சு விடுவேன். வெட்டு மேசையில பெரிய கத்தரி இருக்கத்தான் செய்யுது, யார் எழுந்து போறது? சட்டைக் காலர்லேருந்து தலையணை உறை வரைக்கும் எல்லாம் என் வாய்கிட்ட வந்துட்டுத்தான் போகும். கொஞ்சிப் பேசத் தெரியாத மனுஷன். எனக்கு அதுவே போதும்னு இருந்துது.

கழட்டி மாட்டுற பல் வச்சுக்கலாம்னு கிளினிக்குக்குப் போனோம். இவர் பண்ற அட்டூழியத்தையெல்லாம் டாக்டரம்மாகிட்ட நானே மூச்சு விடாம கொட்டித் தீர்த்தேன். அவங்க என் வாயையே பார்த்துக்கிட்டுக் கேட்டாங்க, அப்புறம் என்னை வெளியில உக்காரச் சொல்லிட்டாங்க. உள்ளே என்ன பேசினாங்களோ தெரியாது. மறுநாள் காலையில கழுத்துல கத்தரி.

நான் வருஷக்கணக்கா கத்தினது காத்தோட போச்சு, அவங்க ஒரு தடவை சொன்னது கழுத்துல ஏறிடுச்சு. துணி என் பக்கம் வர்றது நின்னே போச்சு. டக்குன்னு வெட்டுவார், மடிச்சு வைப்பார். பழக்க தோஷத்துல நான் பாதி குனிஞ்சிட்டு, அசடு வழிய நிமிர்ந்து உக்காருவேன்.

அதோட விட்டாரா? உடனே பல் வைக்க மாட்டாங்களாம், முதல்ல வாயைத் தயார் பண்ணணுமாம். பல் காரையைச் சுரண்டணும், தங்கின வேரை எடுக்கணும், ஓட்டையை அடைக்கணும், ஈறு வீக்கம் வத்தணும். பல் தேய்ச்சீங்களான்னு நான் கேட்டா தேய்ச்சாச்சுன்னு கூசாம பொய் சொல்ற ஆள், இப்போ கண்ணாடி முன்னால நின்னு ஒவ்வொரு பல்லா தேய்க்கிறார். வட்டமா தேய்க்கணுமாம், டாக்டரம்மா சொன்னாங்களாம், எனக்கே பாடம் எடுக்கிறார். எழுந்தா டாக்டரம்மா, உக்காந்தா டாக்டரம்மா.

ஒரு நாள் நல்ல பல்லையே ராவணும்னாங்க. சொத்தை இல்லாத கடைவாய்ப் பல்லுல எதுக்குக் கை வைக்கணும்னு நான் சண்டைக்குப் போயிட்டேன். புதுப் பல்லைத் தாங்குற கம்பி வந்து உக்கார அதுல சின்னக் குழி வேணும், இல்லேன்னா கடிக்கும்போது ஈறுல அழுந்திப் புண்ணாக்கும்னு விளக்கினாங்க. ஊருக்கெல்லாம் பேண்ட்டுல கொக்கி வைக்கிறவருக்கு வாயில கொக்கி. டாக்டரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஆன்னு திறந்து காட்டினார். நான் சொன்னது என்னைக்குச் சரியா இருந்துருக்கு?

அளவு எடுக்கிறவருக்கே அளவும் எடுத்தாங்க, பிசைஞ்ச மாவு மாதிரி ஒண்ணை வாயில அப்பி. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். பல்லுக்கு நிறம் பார்த்தாங்களே, அன்னைக்குத்தான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. கடையில எந்தத் துணிக்கு எந்த நூல்னு பார்க்கிறது நான். என்னைக் கேட்காம ஒரு நூல்கண்டு வாங்க மாட்டார். அங்கே டாக்டரம்மா பல் மாதிரி சில்லுகளை வரிசையா நீட்டினதும், நான் ஒருத்தி நிக்கிறதே மறந்துபோச்சு. நீங்களே பார்த்து வைங்கன்னுட்டார்.

பல் மாட்டின அன்னைக்கு முதல் சிரிப்பையும் அவங்களுக்கே குடுத்தார். வாய் நிறைய, கண்ணு சுருங்க. கையால வாயைப் பொத்திக்கிட்டே பேசின மனுஷன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துது.

"நான் தலைகீழா நின்னு சொல்லியும் கேட்கல. நீங்க என்ன மந்திரம் போட்டீங்கன்னு கழுத்துல கத்தரியை மாட்டிக்கிட்டு அலையறார்?" கேட்டே விட்டேன்.

டாக்டரம்மா கையுறையைக் கழட்டிக்கிட்டே என்னைப் பார்த்தாங்க. "அவருக்கு முன்பல்லே இல்லையேம்மா, எதை வச்சுக் கடிப்பார்? நான் சொன்னது உங்க பல்லைப் பத்தி. முதல் நாள் நீங்க பேசும்போதே பார்த்துட்டேன், நூல் அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்திருக்கு. இப்படியே விட்டா உங்களுக்கும் இதே கதிதான்னேன். உங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன். அவ சொன்னா கேட்கிற ஆளில்ல, நான் பார்த்துக்கறேன்னார்."

நாக்கால தடவிப் பார்த்தேன். இருந்துது.

கடைக்குத் திரும்பினோம். வயித்தெரிச்சல் ஆறிச்சான்னா, அதுதான் இல்ல. என் வாயில இருக்கிற பள்ளம் யாரோ ஒரு டாக்டரம்மா கண்ணுல படுது, கட்டினவர் கண்ணுல படலையேன்னு புதுசா எரிய ஆரம்பிச்சுது. ஸ்டூல்ல உக்காந்ததும் அதையே கேட்டேன்.

அவர் மிஷினை நிறுத்தினார். "எனக்கு எப்பவோ தெரியும். ஓரக்கண்ணால பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். இந்தக் கத்தரியும் புதுசு இல்ல, டிராயர்ல கிடந்ததுதான்." மிஷின் சக்கரத்தைத் தடவிக்கிட்டே சொன்னார். "மாட்டிக்கிட்டா நீ என் பக்கம் குனியறது நின்னுடுமேன்னு உள்ளேயே வச்சிருந்தேன்."

பாவி மனுஷன். என் பல்லு தேயறதைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கார். அடிக்கிறதா அணைக்கிறதான்னே எனக்குத் தெரியல. கையில இருந்த சட்டைக்குக் கடைசிப் பட்டனை வச்சு முடிச்சு போட்டேன். நூல் தொங்குச்சு. வாய்கிட்ட கொண்டு போனவ நிறுத்திக்கிட்டு, அவர் கழுத்துல இருந்த கத்தரியைப் பிடிச்சு இழுத்தேன். கயிறு நீளம் பத்தல, தலையும் கூடவே வந்துது. நூலை வெட்டினேன், கத்தரியை விடல.

"அவங்களுக்குக் காட்டினதை எனக்கும் காட்டுங்க."

சிரிச்சார். முகத்துக்கு நேரா, அவ்வளவு கிட்டத்துல. பல்லு நிறம் ஒரு சாயல் கூடுதல் வெளுப்புதான். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.