ஞாயிற்றுக்கிழமை தள்ளிய படகு

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடற்கரை வாடிக் குடிசையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது கைபேசியில் அந்த வீடியோவைப் போட்டேன். விண்வெளியில் மாதக்கணக்காக இருந்த நான்கு பேர் பூமிக்குத் திரும்புகிறார்கள். என் மனுசன் அனிஸ்ரன் ஊசியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உதென்ன, மொட்டைப் பக்கத்தால இறங்குது? கூரான அணியம் இல்லாமல் எப்பிடிக் காத்தைப் பிளக்கிறது? எந்த மடையன் கட்டினவன்?"

"பிளக்கப்படாதாம். கூரா இருந்தா எரிஞ்சு போகுமாம். மொட்டையா இருந்தாத்தான் காத்து முன்னால அடைபட்டு, சூட்டைத் தள்ளி வைக்குமாம்."

அவர் நம்பவில்லை. படகோட்டியிடம் படகின் முன்கூரான அணியம் வேண்டாம் என்றால் நம்புவாரா? ஆனாலும் முழுவதையும் பார்த்தார். அந்த நாலு பேரும் இருந்த கூடு தான் போகும் திசைக்கு எதிராக இஞ்சினை எரித்து வேகத்தைக் குறைத்தது. பிறகு ஒரு சாய்வில் காற்றுக்குள் நுழைந்தது. சாய்வு கூடினால் சூடு தாங்காதாம், குறைந்தால் திரும்ப மேலே எகிறிவிடுமாம். அடியில் இருந்த கவசம் கருகிக் கருகிச் சூட்டைத் தன்னோடு கொண்டுபோனது. சுற்றிவர நெருப்பாக இருந்த சில நிமிடங்கள் உள்ளே இருந்தவர்களின் சத்தமே பூமிக்குக் கேட்கவில்லை. பிறகு சின்னப் பரசூட்டுகள், பெரிய பரசூட்டுகள், கடல்.

என்னைப் பிடித்துப்போட்டது இவை ஒன்றுமில்லை. கூடு எங்கே விழும் என்று முதலே கணக்குப் பார்த்து, அந்தக் கடலில் படகுகள் போய்க் காத்து நின்றன.

சனி பின்னேரம் அனிஸ்ரன் கடல் தொழிலுக்குப் போனார். கூடப் போகும் றஜித்துக்குக் காய்ச்சல். தனியப் போகவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "பூசை மணிக்கு முதல் வந்திடுவன்" என்றார். எங்கள் கரையில் ஞாயிற்றுக்கிழமை எவரும் படகு தள்ளுவதில்லை. அது கர்த்தரின் நாள். சனி போனவர்கள் மணி அடிக்க முதல் கரையேறவேண்டும். மீறித் தள்ளினால் மீனவர் சங்கம் அந்தப் படகை ஒரு மாதம் கரையில் ஏற்றிவைக்கும்.

மணி அடித்தது. பூசையும் முடிந்தது. அனிஸ்ரன் வரவில்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை. மாதா கோயில் வாசலில் சங்கத் தலைவர் ஸ்ரீபன் அண்ணையைப் பிடித்தேன்.

"பதறாத பிள்ளை. கொக்கிளாய்க் கரைப் பக்கம் ஒதுங்கியிருப்பான். பின்னேரம் பாத்திட்டு நேவிக்குச் சொல்லுவம்."

"ஒதுங்கினா ஆரின்ரயாவது போனில எடுத்துச் சொல்லியிருப்பார் அண்ணை. இப்ப ஒரு படகு போகவேணும்."

"இண்டைக்கு ஞாயிறெண்டு தெரியாதோ உனக்கு?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "வானத்தில இருந்து நாலு பேர் விழுறதுக்கு முதலே கடலில படகு போய் நிக்குது. அவையின்ர சத்தம் கேக்காத நேரமும் அந்தப் படகு கரையில ஏறி நிக்கேல்லை. என்ர மனுசன் இந்தக் கடலுக்குள்ளதானே இருக்கிறார்!"

"டீவிக் கதையெல்லாம் இஞ்ச கதையாத" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். கடலில் சூரரான ஆண்கள்தான் எல்லாரும்.

நான் கரைக்கு நடந்தேன். எந்தப் படகைத் தள்ளுவது என்றுகூடத் தெரியாது. பின்னால் நிறஞ்சனா அக்கா வந்தா. ஸ்ரீபன் அண்ணையின் தமையன் பெண்சாதி அவா. புருசன் ஒரு சனி இரவு கடலில் விழுந்தவர். திங்கள் விடிந்த பிறகுதான் தேடப் போனார்கள். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அந்தப் படகைத்தான் அவா வாடகைக்கு விட்டுச் சீவிக்கிறா.

"என்ர படகைத் தள்ளு" என்றா. சேலையைச் சொருகிக்கொண்டு படகில் தோளை வைத்தா.

இரண்டு பெண்களால் படகு அசையுமா? மணலில் முக்கிக்கொண்டிருந்தபோது றஜித் போர்வையோடு ஓடிவந்தான். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. "அண்ணை வலை போடுற இடம் எனக்குத் தெரியும் அக்கா. நீரோட்டம் தெற்க இழுக்குது. அங்க போய்ப் பிரயோசனமில்லை, இழுத்துக்கொண்டு போன இடத்துக்குப் போவம்" என்றான். அவனும் சேர்ந்து தள்ள, படகு தண்ணீரைத் தொட்டது. றஜித்தோடு நானும் ஏறினேன். கரையில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் உச்சிக்கு வந்தபோது கண்டோம். இஞ்சின் செத்து, பாதிப் படகு தண்ணீராய், அனிஸ்ரன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. அந்தப் படகு பின்னேரம்வரை தாங்கியிராது. அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தி அழுதேன். பிறகு தனியப் போனதற்கு நன்றாகத் திட்டினேன்.

அடுத்த நாள் கோயில் மண்டபத்தில் சங்கம் கூடியது. நிறஞ்சனா அக்காவின் படகு ஒரு மாதம் கடலில் இறங்கக்கூடாது, நான் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார்கள். அனிஸ்ரன் சாதுவான மனுசன். "அவளுக்காக நான் கேக்கிறன்" என்று எழும்பினார். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

"அக்காவின்ர படகு நிக்கிற மாதம் எங்கட படகைத் திருத்தி அவாவுக்குக் குடுப்பம். அது எங்கட பாடு. மன்னிப்பு மட்டும் கேக்கமாட்டன். கர்த்தரிட்டயே கேக்கேல்லை, உங்களிட்டக் கேப்பனோ?"

மண்டபம் இரைந்தது. ஸ்ரீபன் அண்ணை மேசையில் தட்டினார். "இனிமேல் செய்யமாட்டன் எண்டாவது சொல்லு பிள்ளை."

"செய்வன். இனி எந்த ஞாயிறு ஆரின்ர படகு வராட்டியும் தள்ளுவன். நீங்கள் போய் வராட்டியும் தள்ளுவன் அண்ணை."

பெண்கள் வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. ஸ்ரீபன் அண்ணையின் மனைவி எழும்பி நின்றா.

"ஓம் பிள்ளை, தள்ளு. என்னையும் கூப்பிடு."