செயின்சாவுக்குச் சந்தனக் காப்பு

அப்பா இருபது வருடமாக மரம் அறுக்கிறார். இந்த இருபது வருடத்தில் ஒரு நாள்கூடச் செயின்சாவைத் திறந்து பார்த்ததில்லை. வேலை முடிந்ததும் வெளியே தெரிகிற இடத்தை மட்டும் பழைய கைலியால் ஒரு துடை துடைப்பார். முகத்தை மட்டும் கழுவிவிட்டுக் குளித்தாயிற்று என்று சொல்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

ஆயுத பூசை அன்று மதியம், யார் வீட்டு ரம்புத்தான் மரத்திலோ கிளை கழித்துவிட்டு வந்தவர், அந்தக் கோலத்திலேயே செயின்சாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

அம்மா கத்தினாள். "ஐயே, எடுங்க லா அத! சாமி முன்னாடி வக்கிற பொருளா இது? சேத்துல புரண்ட பன்னி மாதிரி இருக்கு."

"நாளைக்கு இந்தப் பன்னிதான்டி சோறு போடப் போவுது."

அதுவும் உண்மைதான். கோலா கெத்தில் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் குன்று முழுக்கக் கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்யப் போகிறார்கள். வேலைக்கு இரண்டு பேர் போட்டி. அப்பா ஒன்று, இருளப்பன் மாமா ஒன்று. விஜயதசமி காலையில் ஆளுக்கு ஒரு மரம் சாய்த்துக் காட்ட வேண்டும் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொல்லியிருந்தார். நன்றாகச் செய்தவருக்குக் குன்று முழுவதும். ஆறு மாத வேலை. அப்பாவுக்கோ மூன்று மாதமாகத் தாமான் குடியிருப்பு வீடுகளில் கிளை கழிக்கிற வேலைதான்.

செயின்சாவைச் சுத்தம் பண்ணுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் டிகிரி முடித்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு வேறு என்ன வேலை என்று எல்லாருக்கும் நினைப்பு. பாத்திரம், துணி, பக்கத்து வீட்டு ஆயாவுக்கு மருத்துவமனைப் பாரம் நிரப்புவது, இப்போது செயின்சா.

கோபத்தோடு உட்கார்ந்தேன். முதலில் பிளக் மூடியைப் பிடுங்கினேன். தப்பித் தவறிக் கயிறு இழுபட்டு ஓடிவிட்டால் விரலை ஒட்டவைக்க எந்தப் பூசையாலும் ஆகாது. பக்க மூடியைத் திறந்தால் உள்ளே மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பு அல்வா. துண்டு போட்டுத் தட்டில் வைக்கலாம். சங்கிலி ஓடுகிற தகட்டின் பள்ளத்தில் ஈர்க்குச்சியை விட்டு இழுத்தேன். அழுக்கு மீகோரேங் நூடுல்ஸ் மாதிரி நீளமாக வந்தது. எண்ணெய்த் துளையை ஊசியால் குத்தி எடுத்தேன். காற்று போகிற பில்டரைத் தட்டி, சவுக்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்தேன். இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ்.

அப்பா எட்டிப் பார்த்தார். "என்னாடி, பல்லு டாக்டர் மாதிரி பண்ற? ஒரு ஸ்குரூ மிஞ்சட்டும், அப்பறம் இருக்கு ஒனக்கு."

"மிஞ்சாது."

"டிகிரில இதையா சொல்லிக் கொடுத்தாங்க?"

"புத்தகத்துல போட்டிருக்கு. நீங்க பெட்டியோட சேத்து வீசினீங்களே, அந்தப் புத்தகத்துல."

மாட்டி முடித்து ஒரே இழுப்பு. பாடியது. அப்பா உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பூசை. அடுப்புக்கு ஒரு பொட்டு, தையல் மெஷினுக்கு ஒரு பொட்டு, மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. செயின்சாவிடம் வந்ததும் அப்பாவுக்குப் பக்தி பொங்கிவிட்டது. நாளைய வேலையை நினைத்திருப்பார். கிண்ணத்துச் சந்தனத்தை அள்ளி அப்பினார். இயந்திரத்தின் பக்கவாட்டில் மீன் செவுள் மாதிரி வரிசையாகத் துளைகள் உண்டு. ஒவ்வொரு செவுளையும் அடைத்தார். அதன்மேல் பட்டை, பட்டைக்கு மேல் குங்குமம், கடைசியில் அரை பாட்டில் பன்னீர்.

"அப்பா, அது மூச்சு விடற ஓட்டை!"

"சாமி கும்பிடறப்ப வாய மூடு."

வழித்துவிடக் கையை நீட்டினேன். அம்மா கையில் ஒரு போடு போட்டாள். "பூசைக்கு வச்ச ஆயுதத்த நாளைக்கு எடுக்கற வரைக்கும் தொடக் கூடாது. படிச்சவதானே, இதுகூடத் தெரியாது?"

மறுநாள் காலையில் நான்தான் வேன் ஓட்டிக்கொண்டு போனேன். அப்பாவின் லைசென்ஸ் முடிந்து ஐந்து மாதம். அவர் முருகன் படத்தை நம்பி ஓட்டத் தயார், நான் தயாரில்லை.

குன்றடியில் கிராணி காளிதாசன் குடையோடு நின்றார். இருளப்பன் மாமா வந்து சேர்ந்திருந்தார். அவர் செயின்சா புத்தம் புதுசு, கைப்பிடியில் சாமந்தி மாலை. ஒரே இழுப்பில் கிளப்பினார். அப்பா இழுத்தார். இருமியது. மறுபடி இழுத்தார். ஒரு தும்மல், அவ்வளவுதான். இருபது இழுப்புக்குப் பிறகு அப்பாதான் இருமினார்.

இருளப்பன் மாமா மரத்தில் முதல் வெட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "என்னாண்ணே, மெஷின் மக்கர் பண்ணுதா?"

"நேத்து இவ கழட்டினா," என்றார் அப்பா. என்னைப் பார்க்கவே இல்லை.

"அதான பாத்தேன். பொம்பளப் புள்ள கை வச்சா அப்பிடித்தான் லா. பாப்பா, ஒனக்கு எதுக்கும்மா இந்த வேலை? ஆபீசுல ஏர்கோன்ல ஒக்காரு."

எனக்குக் காது சுட்டது. செயின்சாவைப் பிடுங்கி மேல்மூடியைத் திறந்தேன். நான் அலசி வைத்த பில்டர், பன்னீரில் ஊறி, சந்தனம் பூசி, வடை மாதிரி இருந்தது. செவுள்களில் இருந்தது காய்ந்து சிமெண்டு.

"பாருங்க. யாரு கழட்டினது, யாரு அடைச்சதுன்னு பாருங்க."

அப்பா பார்த்தார். முகம் மாறியது. ஆனால் நான் துணியை எடுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டி. சாமிக்கு வச்சத வழிச்சுக் கீழ போடாத. நீ ஆபீசுக்குப் போற புள்ள. மரத்துக்கு அடியில நிக்கிறவன் நான்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. மரம் தவறி மேலே விழுந்து செத்த இரண்டு பேரை அவர் தூக்கிப்போய்ப் புதைத்திருக்கிறார். குன்று முழுவதும் போனாலும் போகட்டும், பொட்டைத் தொட விடமாட்டார்.

"கீழ போடல. நெத்தியக் காட்டுங்க."

"என்னாது?"

"பிரசாதம்."

நகத்தால் ஒரு செவுளைச் சுரண்டி அவர் நெற்றியில் அப்பினேன். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? இரண்டாவது செவுள் அவர் கழுத்துக்கு. மூன்றாவது கைக்கு. சந்தனம் தீரவில்லை, அப்பா உடம்பில் இடம் தீர்ந்துவிட்டது. கிராணியிடம் போனேன். அவர் குடையை மடக்கிவிட்டுப் பணிவாகக் குனிந்தார்.

"எண்ணெய் நாத்தம் அடிக்குதேம்மா."

"எண்ணெய்க் காப்பும் உண்டு சார்."

மீதி என் நெற்றிக்கு. பில்டரைக் குடிக்கிற தண்ணீரில் அலசி, உதறி, துப்பட்டாவில் ஒற்றி, ஊதி மாட்டினேன். பிளக்கையும் துடைத்தேன்.

மூன்றாவது இழுப்பில் புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. குன்றெல்லாம் சந்தன வாசனை.

அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கம் 'கர்ரக்' என்று ஒரு சத்தம். இருளப்பன் மாமாவும் சாமிக்குப் போட்ட மாலையைக் கழற்ற மனம் வராமல் அப்படியே அறுத்திருக்கிறார். சாமந்தியும் நூலும் சங்கிலியோடு உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு, சக்கரம் பிடித்துவிட்டது. பாதி மரத்தில் செயின்சா சிக்கி நின்றது.

"மாமா," என்றேன், "நான் கை வைக்கல."

அப்பா அவசரப்படவில்லை. சுற்றி வந்து பார்த்தார், சாய்வைக் கணக்குப் பண்ணினார், அறுத்தார். விழ வேண்டிய இடம் என்று கிராணி நட்டுக் காட்டிய இரண்டு குச்சிகளுக்கு நடுவில் மரம் படுத்தது. இந்த வேலையில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது, நானும்.

கிராணி ஒப்பந்தப் பாரத்தை எடுத்தார். "குன்று ஒங்களுக்குத்தான் பசுபதி. நாளைக்கே ஆரம்பிங்க. ஆனா ஒன்னு, மெஷின் பராமரிப்புக்கு யாரு பொறுப்புன்னு அடையாளக் கார்டு ஐசி நம்பரோட எழுதணும். இப்ப நடந்ததப் பாத்தப்பறம் அத விட முடியாது."

அப்பா உடம்பெல்லாம் சந்தனத்தோடு கைகூப்பினார். "எல்லாம் அம்மன் செயல் சார். அவதான் பொறுப்பு."

"சரி. அம்மனோட ஐசி நம்பர் சொல்லுங்க."

அப்பா வானத்தைப் பார்த்தார். செயின்சாவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"ரூபினின்னு போடுங்க."

என் ஐசி நம்பரை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு எங்கே தெரியும்? கிராணி எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனார்.

"சார், பக்கத்துல டிகிரின்னும் போடுங்க."

"அதுக்கு இதுல எடம் இல்ல பசுபதி."

"ஓரத்துல இருக்கே லா," என்றார் அப்பா, எண்ணெய் விரலைப் பாரத்தில் ஊன்றி. "இங்க போடுங்க."