தெருவே சேர்ந்து எழுதிய மொய்

1

"விளம்பரத்தத் தொடாதேன்னு உங்கிட்ட சொன்னேனா இல்லியாண்ணா?"

"நான் தொடலமா. செத்துப்போன அப்பா மேல சத்தியமா தொடல."

"அப்ப யாரு? வானத்துலேர்ந்து எறங்கி வந்து தொட்டாங்களா? ஒரே ஊரு, ஒரே மாசம், ஆயிரக்கணக்குல தொட்டிருக்காங்க. இந்தத் தெருவுல வாலாஜாபாத் சம்பந்தத்த முடிச்சே தீரணும்னு குதிச்சிக்கினு இருக்கறது நீ ஒருத்தன்தான்!"

"குதிச்சேன்தான். அதுக்குன்னு உன் பொழப்புல மண்ணப் போடுவனா?"

பேசியவர்கள் அகிலாவும் அவள் அண்ணன் தேவேந்திரனும். இடம் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், என் வீட்டுக்கு அடுத்த வீடு. கேட்டது நான். இந்தக் கதை பிறந்தது அப்போதுதான்: கழுவி வைத்த டம்ளரைச் சமையலறை ஜன்னலோரம் மூன்றாம் முறையாகக் கழுவிக்கொண்டிருந்தேன்.

2

முதலில் வேறு மாதிரி ஆரம்பித்திருந்தேன். "ஆயிரம் கோபுரங்களின் நிழலில், பட்டிழைகளின் நடுவே, ஒரு பெண்ணின் கனவு மெல்ல—"

விட்டுவிட்டேன். அகிலா எந்தக் கோபுர நிழலிலும் உட்காரவில்லை. இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில், கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஆரம்பம்: "இணையதளம் வைத்துப் பணம் சம்பாதிக்க ஏழு வழிகள்." அகிலா எனக்குச் சொன்னது நான்குதான். மீதி மூன்றை நான் கற்பனை செய்ய வேண்டும் என்பதால் அதுவும் போயிற்று.

அந்த நான்கு இவை. கடைக்கு ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்கலாம். (தேவேந்திரன் ஆட்டோவில் செய்வதும் அதுதான். முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் ஏற்றினால், எந்தக் கடை வாசலில் இறக்குவது என்பது அவன் கையில்.) காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையைப் புகழ்ந்து எழுதலாம். தெரிந்ததைச் சின்னப் புத்தகமாக்கி விற்கலாம். இல்லையென்றால் பக்கத்தில் விளம்பரத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்கலாம்.

அவள் நடத்தும் இணையதளமே எது அசல் பட்டு, எது கலப்படம் என்று ஊராருக்குச் சொல்வது. ஆகவே முதல் இரண்டும் ஆகாது. புத்தகத்தை வாங்கியது நான் ஒருத்தி. மிஞ்சியது விளம்பரம்.

(இந்தக் கதைக்கு எண் போட்டிருப்பது இலக்கியத்துக்காக அல்ல. இரண்டு எண்ணுக்கு நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்று அகிலா சொன்னாள். இடம் விட்டிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை.)

3

தேவேந்திரனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆளைப் பற்றி அல்ல, பாத்திரத்தைப் பற்றி. முதல் பிரதியில் அவனை வில்லனாக்கி, பெரிய மீசை வைத்தேன். மீசை நிற்கவில்லை. தங்கச்சியின் தளத்தை ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் காட்டி, "நம்ம பொண்ணு எழுதுனதுதான்பா" என்று சொல்கிற ஆளை எப்படி வில்லனாக்குவது?

ஆனால் சம்பந்தம் பேசியதும் அவன்தான். வாலாஜாபாத்தில் அரிசி ஆலை. மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. மருமகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அந்த வீட்டில் வழக்கமில்லை, அவ்வளவுதான். அகிலா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"தைக்குள்ள உன் தளத்துலேர்ந்து மொத பணம் வரட்டும்மா. வேணாம்னு அவங்ககிட்ட நானே போய்ச் சொல்றேன்."

மார்கழியில் வந்தது பணம் அல்ல, கடிதம். விளம்பரக் கம்பெனி கணக்கை மூடிவிட்டது. செயற்கையாகத் தொடப்பட்ட விளம்பரங்கள்; சேர்ந்த தொகை தரப்படாது.

4

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முதல் பிரதியில் இந்த எண் கிடையாது.

ஐப்பசியில் ஒரு நாள் அகிலா என் வீட்டில் காபி குடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த விளம்பரத்த யாராவது தொட்டா எனக்குக் காசுக்கா. ஆனா—"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் அங்கே இல்லை. பாதிச் செய்தி கையில் வந்ததும் கிளம்பிவிடுவது என் சுபாவம். 'தெரிஞ்சவங்க தொடக் கூடாது' என்ற மீதியை அவள் காபி டம்ளரிடம் சொல்லியிருப்பாள்.

நேரே எதிர்வீட்டு ஷஹர்பானுவிடம் போனேன்.

"நம்ம அகிலாவுக்கு மொய் எழுதற மாதிரின்னு வெச்சுக்கம்மா. செலவே இல்ல. தெனம் பத்து தடவ தொட்டா போதும்."

"பத்து என்னாக்கா பத்து? எங்க ஃபரா நிக்காவுக்கு ராத்திரி பகலா வேல செஞ்ச பொண்ணு. நான் அம்பது தொடறேன்."

ஐம்பது என்று தெரிந்ததும் மேல்வீட்டு கலாவதி அறுபது தொட்டாள். மொய்யில் அடுத்த வீட்டைவிடக் குறைந்து எழுதினால் எங்கள் தெருவில் பேச்சு வரும். தறியில் உட்கார்ந்தவர்கள் இழை அறுந்து நிறுத்தும்போதெல்லாம் போனை எடுத்தார்கள். அகிலாவிடமும் தேவேந்திரனிடமும் யாரும் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று ஒரு மரியாதை.

நான் எத்தனை தொட்டேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

5

மூன்று முடிவுகள் வைத்திருந்தேன்.

முதல் முடிவில், சண்டை நடக்கும்போதே நான் ஜன்னலைத் திறந்து, "நான்தான்" என்கிறேன். ஜன்னல் ஏற்கனவே திறந்துதான் இருந்தது.

இரண்டாவதில் கம்பெனி மனமிரங்குகிறது. அகிலா இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டு முறையும் ஒரே பதில், ஒரு எழுத்து மாறாமல்.

மூன்றாவது நான் எழுதியதல்ல. நாலாம் நாள் சண்டையில் தேவேந்திரன் எங்கள் ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்தான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். பிறகு தங்கச்சியிடம் சொன்னான்:

"சரிமா. நான்தான் தொட்டேன். வுடு. தெருவுல யாரையும் கேட்டுக்கினு இருக்காத."

தைக்குள் பணம் வரவில்லை; அகிலா சம்பந்தத்துக்குத் தலையாட்டினாள். தை கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. வாலாஜாபாத் போகும்போது அண்ணன் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கார் அனுப்பினார்கள். தளம் அணைந்துபோயிற்று. தேவேந்திரன் மாதம் ஒரு முறை போய், பழமும் பூவும் ஆலை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். அகிலா உள்ளே கூப்பிடுவதில்லையாம்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. வாலாஜாபாத் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால், ஆலையை ஒட்டிய பச்சை வீடு. அகிலா என்று கேட்டால் காட்டுவார்கள். "உங்க அண்ணன் இல்லம்மா" என்று மட்டும் சொல்லுங்கள்.

பின்னே யார் என்று கேட்பாள். அங்கிருந்து நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.