சூடு போதுமா

குளியலறைச் சுவரிலிருந்த ஹீட்டரின் மூடியை யுகேந்திரன் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். நாலு திருகாணியில் மூன்று வந்துவிட்டது. நாலாவது துருப்பிடித்து அடம்பிடித்தது.

"யுகா, எங்கடா போன? சடங்கு செய்யப் பண்டாரம் வந்துட்டாருலா. அப்பாவக் குளிப்பாட்டணும்."

சித்தப்பா ஜெயபாலனின் குரல். சித்தியவானிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்தவர். வந்ததிலிருந்து கூடாரம், நாற்காலி, அடக்கத்துக்கான போலீஸ் பெர்மிட் என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அலைந்துகொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம் சித்தப்பா."

"இன்னும் அஞ்சு நிமிஷமா? உள்ள என்னதான் பண்ற?"

யுகேந்திரன் நாலாவது திருகாணியை அழுத்தித் திருகினான். செய்வதைச் சொன்னால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த அப்பா, கிளாஸைக் கீழே வைத்த கையோடு தலை சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான் உடையப்பனின் சாவு. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. இனி வாசலில் உட்காரவைத்து எண்ணெயும் சீயக்காயும் வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதல் சொம்பு மகன் ஊற்ற வேண்டும். அது பச்சைத் தண்ணீராக இருக்கக் கூடாது. காலையிலிருந்து அவன் மனசில் இது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஈப்போவில் யாருக்கு ஐயா ஹீட்டர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வருஷக் கடைசியில், விடாமல் மழை பெய்து, சுண்ணாம்பு மலைகளிலிருந்து ஈரக்காற்று இறங்கும் விடியற்காலையில் ஒரு சொம்புத் தண்ணீரை முதுகில் ஊற்றிப் பார்க்கட்டும், தெரியும். அதிலும் வயசான உடம்பென்றால் சொல்லவே வேண்டாம்.

உடையப்பன் ஒரு காலத்தில் சுடுதண்ணீரைக் கண்டால் சிரித்தவர்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நாளெல்லாம் இருட்டோடு எழுந்து, லயத்துப் பைப்படியில் நின்று குளித்துவிட்டுத்தான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். சுடுதண்ணி பிள்ளை பெத்தவளுக்கு என்பார். தோட்டத்தைச் செம்பனைக்காரன் வாங்கி, லயத்தை இடித்து, குடும்பம் ஈப்போவின் புந்தோங்குக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. போன வருஷம் இனிப்புநீர் முற்றி, உடம்பு வற்றி, மத்தியானத்திலும் ஸ்வெட்டர் போட ஆரம்பித்த பிறகுதான் ஒருநாள் மகனிடம் வந்து நின்றார்.

"தம்பி, எனக்கு ஒரு ஹீட்டர் மாட்டிக் குடுக்கிறியா?"

அவர் மகனிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்டதும் சரியான ஆளிடம்தான். ஹீட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் யுகேந்திரனுக்குத் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காரவைத்துப் பாடம் எடுப்பான். உங்க வீட்டுல தண்ணி வேகம் பத்தாது, பம்ப் வச்சதா எடுங்க ஆன்ட்டி. மலிவா இருக்குன்னு வாங்காதீங்க. ஈப்போத் தண்ணியில சுண்ணாம்பு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா பில்டரைக் கழுவணும். மாசா மாசம் இந்த டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க, கரண்டு விஷயம், விளையாட்டில்ல. மாட்டி முடித்ததும் அந்த வீட்டில் வயசில் மூத்தவரைக் கூப்பிட்டுத் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டச் சொல்வான். "சூடு போதுமா?" என்று கேட்பான். அவர் தலையாட்டிய பிறகுதான் பையை மூடுவான். புந்தோங்கிலும் மெங்லெம்புவிலும் பாதி வீடுகளில் அவன் மாட்டியதுதான் ஓடுகிறது.

அப்பாவுக்கு மாட்டியது ஒரு பங்களாவில் வேண்டாமென்று கழற்றிப் போட்டது. பம்ப் இல்லாதது. நல்லாத்தானே இருக்கு, அவர் ஒருத்தருக்கு இது போதும் என்று கொண்டுவந்தான். கொஞ்ச நாள் ஓடியது. பிறகு வெதுவெதுப்பு குறைந்தது. ஒருநாள் வீட்டு மெயின் சுவிட்சையே தட்டிவிட்டது. ஹீட்டர் சுவிட்சை அணைத்து மேலே டேப் ஒட்டி, "தொடாதீங்கப்பா, ஞாயித்துக்கிழமை பாக்குறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன. மழைக்காலம் ஹீட்டர்காரனுக்குத் தீபாவளி. போன் அடித்துக்கொண்டே இருக்கும். அப்பா மறுபடி கேட்கவும் இல்லை.

நாலாவது திருகாணி வந்துவிட்டது. மூடியை இழுத்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அப்பியிருந்தது. சூடாக்கும் குடுவை அடியில் வெடித்து, சுற்றிலும் கருகியிருந்தது. வேலைக்குப் போகும் வேனில் இதற்குச் சாமான் இல்லை. கடையும் இன்றைக்குத் திறக்காது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா என்று ஊரெல்லாம் சொன்ன தன் வாயை நினைத்து அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஸ்குரூ டிரைவரைத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான். மனைவி குமுதா வந்தவர்களுக்குக் கடையில் வாங்கிய தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"குமுதா, ஒரு சட்டித் தண்ணி காய வையேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னங்க பேசுறீங்க? மாமா இன்னும் வாசல்ல இருக்காரு. இப்ப அடுப்பு பத்த வைக்கலாமா?"

வைக்கக் கூடாதுதான். பிணம் வீட்டை விட்டுப் போகும்வரை சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சும்மா இருந்த அடுப்பைப் பார்த்ததும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நாலு மாசத்துக்கு முன் ஒருநாள் அப்பா கை நடுங்கி கேஸைத் திறந்தபடி விட்டுவிட்டார். அன்றிலிருந்து, வேலைக்குப் போகும்போது சிலிண்டரை இறுக்க மூடிவிட்டு, "அடுப்புப் பக்கமே வரக்கூடாது" என்று அவன்தான் ஏசிவிட்டுப் போவான். தண்ணி காய வைக்கத்தான் அடுப்படிக்குப் போனாரோ என்று இப்போதுதான் தோன்றியது. அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லையே.

"விடுங்க. எல்லாருக்கும் ஊத்துற தண்ணிதானே" என்றாள் குமுதா மெதுவாக.

விட முடியவில்லை. பின் கதவைத் திறந்து வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில், லோரோங்கில் இறங்கினான். காலையிலிருந்து அடித்த வெயிலில் சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. பக்கத்து வீட்டு மெஹர்பானு அக்கா, புருஷன் கடையை அடைத்துவிட்டு வரட்டும், சேர்ந்து வாசலுக்குப் போகலாம் என்று தலையில் முக்காட்டோடு பின்வாசலில் நின்றிருந்தார்.

"அக்கா, ஒரு உதவி. உங்க அடுப்புல கொஞ்சம் தண்ணி காய வச்சுத் தாரீங்களா? அப்பாவுக்கு."

"அதுக்கென்ன தம்பி, இப்ப வைக்கிறேன்." உள்ளே திரும்பியவர் நின்றார். "ஆனா உங்கப்பா வாளிதான் வச்சிருக்காரேலா. அது சுட்டிருக்குமே."

"எந்த வாளி?"

"நெசமாவே உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கை காட்டிய இடத்தில், சாக்கடைத் திட்டின்மேல், வெயில் நேராக விழும் மூலையில் ஒரு கறுப்பு வாளி இருந்தது. யுகேந்திரன் வேலைக்குக் கொண்டுபோய், பிடி உடைந்ததும் தூக்கிப் போட்ட வாளி. உடைந்த பிடிக்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தது. வாயைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி, ரப்பர் வாரால் இறுக்கியிருந்தது. தோட்டத்தில் பால் வாளிக்குப் போடுகிற அதே கட்டு.

"தெனமும் காலையில டியூப் போட்டு நெரப்பி வைப்பாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு இங்கேயே குத்த வச்சுக் குளிப்பாரு. இன்னைக்கும் விடிஞ்சதும் வச்சாரு, நான் பாத்தேன். ஹீட்டர் என்னாச்சு மாமான்னு ஒருநாள் கேட்டேன். மகன் ஊருக்கே சுடுதண்ணி குடுக்கிறான், எனக்குத்தான் சூரியன் இருக்குதேன்னு சிரிச்சாரு. பெருமையாத்தான் சொன்னாரு தம்பி, கொறையா சொல்லல."

யுகேந்திரன் வாளியின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தான்.

"போன வாரம்தான் பாவம்" என்றார் அக்கா. "அடைமழை. வாளிய வைக்கிறதும், தொட்டுத் தொட்டுப் பாக்கிறதும், சாயங்காலம் கீழ ஊத்துறதுமா இருந்தாரு."

போன வாரம். அந்த வாரம்தான் வேலை முடிந்து வந்த யுகேந்திரன், அப்பாவின் அறையைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டான். "என்னப்பா ஒரே வாடை. குளிச்சு எத்தன நாளாச்சு? தோட்டத்துல இருட்டுல எந்திரிச்சு குளிச்ச ஆளு, இப்ப இவ்வளவு சோம்பேறித்தனமா?" பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஸ்வெட்டரின் முன்பக்கத்தை இழுத்து மூடிக்கொண்டு, "நாளைக்குக் குளிச்சிர்றேன்பா" என்றார். பயந்த பிள்ளை வாத்தியாரிடம் சொல்வதுபோல் சொன்னார். மறுநாளும் மழைதான். பச்சைத் தண்ணீரில் குளித்தார். ராத்திரியெல்லாம் பல் அடித்துக்கொண்டிருந்தது பக்கத்து அறைவரை கேட்டது. வயசானால் அப்படித்தான் என்று அவன் திரும்பிப் படுத்தான்.

சுவரில் கை ஊன்றி நின்றான். அப்பா கேட்டிருக்கலாம். டேய், எங்கடா என் ஹீட்டர் என்று ஒரு தடவை ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் மாட்டியிருப்பான். ஏசாத மனுஷனிடம் இனி எங்கே போய் மன்னிப்புக் கேட்பது?

"நான் வேணா காய வச்சுத் தரவா தம்பி?"

"வேணாங்கா. இது போதும்."

குனிந்து கட்டை அவிழ்த்தான். பையை எடுத்ததும் உள்ளிருந்து வெப்பம் முகத்தில் பட்டது. கயிற்றைப் பிடித்து வாளியைத் தூக்கினான். கனமாக இருந்தது. இதை எப்படி அவர் தினம் இழுத்தார் என்று தெரியவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோகாமல், கடைசி வீட்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் நடந்தான்.

கூடாரத்துக்கு அடியில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, தோளோடு இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ரப்பர் குழாய் திறந்தபடி புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டர் இல்லாமல் அந்த உடம்பைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. விலா எலும்புகளை எண்ணலாம்போல் இருந்தது.

"வாளியா? குழாய்தான் இருக்குல்ல?" என்ற ஜெயபாலன், தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். "சுடுதேடா. பச்சத் தண்ணிதானேலா ஊத்தணும். ஹீட்டரையா ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்த இவ்வளவு நேரம்?"

"ஹீட்டர் இல்ல சித்தப்பா. இது அப்பா வச்ச தண்ணி."

"என்னது?"

"அவரு குளிக்கிறதுக்கு அவரே வச்ச தண்ணி. காலையில வச்சிருக்காரு."

ஜெயபாலன் பண்டாரத்தைப் பார்த்தார். பண்டாரம் ஒரு கணம் யோசித்துவிட்டு, குனிந்து ரப்பர் குழாயை மூடினார். "ஊத்துங்க தம்பி" என்றார்.

யுகேந்திரன் சொம்பை முக்கி எடுத்தான். முதலில் தன் மணிக்கட்டில் கொஞ்சம் விட்டுப் பார்த்தான். பிறகு அப்பாவின் வலது தோளில், மெல்ல, முதுகுப்பக்கம் வழியும்படி ஊற்றினான். தண்ணீர் எலும்புகளின் மேல் இறங்கிப் புல்லுக்குப் போனது.

"சூடு போதுமாப்பா?"

எந்த வீட்டிலும் கேட்கிற அதே குரலில்தான் கேட்டான். கேட்டுவிட்டு, எந்த வீட்டிலும் செய்வதுபோல, சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றான். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சீயக்காய்க் கிண்ணத்தை நீட்ட வந்த பண்டாரம், நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.