தழை கட்டிய தெரு

அம்மை குத்த வந்த மாரியப்பன் தெருமுனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எல்லா வாசலிலும் வேப்பந்தழை. தெரு முழுக்க ஆத்தா இறங்கியிருக்கும்போது ஊசியும் கையுமாக உள்ளே போக அவருக்கு என்ன பைத்தியமா? வந்த வழியே திரும்பிவிட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்த கந்தம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆத்தா வராமலே தழை கட்டும் யோசனை அவளுடையதுதான். ஊசி குத்தினால் கை வீங்கும், காய்ச்சல் வரும், தறியில் நாடா தள்ள முடியாது. தறி நின்றால் அடுப்பில் பூனைதான் தூங்கும். ராசிபுரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த நெசவாளர் தெருவில் அன்று எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறைதான்.

கொண்டாட்டம் மறுநாளே முடிந்தது. மாரியப்பன் கண்டதைக் கண்டபடி மேலே சொல்லிவிட்டார். சுகாதார இன்ஸ்பெக்டர் குமாரசாமி ஒரு போலீஸ்காரருடன் வந்து, தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற கம்பங்களிலேயே குறுக்கே கயிறு கட்டித் தெருவை அடைத்துவிட்டார். நூல் உள்ளே வராது, சேலை வெளியே போகாது, சந்தையும் கிடையாது. பொய் என்று யார் போய்ச் சொல்வது? ஆத்தா பேரில் கட்டிய தழையை, குணமானவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்த்தால் அவள் சும்மா விடுவாளா? விளையாட்டாகக் கட்டிவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் விழித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடைசி வீட்டுச் செல்லியம்மாளுக்கு நிஜமாகவே முத்துப் போட்டது. தெருவுக்கெல்லாம் நாடாவுக்குத் தார் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிற ஒண்டிக்கட்டை. சேதி கேட்டதும் கந்தம்மாள் வீட்டுக்குள் ஓடினாள். அவள் மகள், மூன்று வயது ராசாத்தி, நேற்றுப் பொழுதெல்லாம் செல்லியம்மாள் மடியில்தான் கிடந்தாள். பாவி, குத்த வந்தவரைத் துரத்திவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டரும் போலீஸ்காரரும் காவல் நின்ற கயிற்றடிக்கு விரைந்தாள். பக்கத்துத் தெருக்காரர்களுக்குக் குத்திக்கொண்டிருந்த மாரியப்பன் அவளைக் கண்டதும் பின்னால் நகர்ந்தார்.

"ஆத்தா இருக்கற ஊட்டுப் புள்ளைய நான் தொடமாட்டனம்மா. தெய்வ குத்தம்."

"எங்கூட்டுல ஆத்தாவும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. தழைய நாந்தான் சும்மா கட்டுனேன்."

அவர் நம்பவில்லை. கந்தம்மாள் விடுவிடுவென்று திரும்பிப் போய், தெரு பார்க்கத் தன் வாசல் தழையைப் பிடுங்கி எறிந்தாள். ஐயோ என்று யாரோ அலறினார்கள்.

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். எனக்கும் அவளுக்கும் பழைய பழக்கம்," என்றாள். சிறு வயதில் வந்துபோன அம்மையின் தழும்புகள் அவள் முகமெல்லாம் இருந்தன.

ராசாத்தியின் கையில் ஊசி இறங்கி அவள் வீறிட்டபோதுதான் கந்தம்மாளுக்கு மூச்சு வந்தது. அதைப் பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தழையை அவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு வாசலில்தான் தழை மிஞ்சியது.

"அந்த ஊட்டுல யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏரிக்கரை அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்."

கந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. எல்லா வாசலிலும் தழை இருந்தவரை செல்லியம்மாள் மறைந்திருந்தாள். இப்போது தானே அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கொட்டகையில் ஒரு காவல்காரனும் ஒரு பானைத் தண்ணீரும்தான். புரண்டு படுக்க உதவக்கூட ஆள் கிடையாது. அவள் மகளை, பக்கத்தில் வந்து நின்ற புருஷன் சென்னிமலையிடம் நீட்டினாள்.

"ஏனுங்க, புள்ளைய நீங்க பாத்துக்கங்க. நா செல்லிக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் ஊட்டுக்கு வாரேன்."

சென்னிமலை பிள்ளையை வாங்கிக்கொண்டான். அவளிடம் வேண்டாம் என்று சொல்லி அவன் எப்போது ஜெயித்திருக்கிறான்?

"உனக்கும் ஒட்டிக்குமே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூஞ்சியப் பாருங்க சாமி. ஒருக்கா வந்தவ மறுக்கா வரமாட்டா. வந்தாலும் இங்க எடமில்ல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கடைசி வீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கொட்டகை வேண்டாம். கயித்த அவுத்து அந்த வாசல்ல கட்டுய்யா," என்றார் போலீஸ்காரரிடம்.

கந்தம்மாள் போலீஸ்காரருக்கு முன்பே போய்ச் செல்லியம்மாள் வீட்டுக்குள் நுழைந்திருந்தாள். உள்ளே முனகல் கேட்டது. கயிற்றின் ஒரு நுனியை முடிந்துவிட்டு மறுநுனியைப் போலீஸ்காரர் இழுத்தபோது, தழைக்குக் கீழே அவள் தலை எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் ஒசரத் தூக்கிக் கட்டுங்க சாமி. கீழாலே கஞ்சிச் சட்டி உள்ள வரோணுமில்ல?"